எதிரே நின்ற உலகம் எவ்வளவு பெரியது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியாவின் தலைசிறந்த விளையாட்டு வீரர் யார் என்று ஒரு பட்டியலைத் தந்து, வாக்களிக்குமாறு தங்கள் நாளிதழ் வாசகர்களிடம் கேட்டிருந்த கேள்விக்கு வந்த மறுமொழிகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். பெரும்பாலான கடிதங்கள் சச்சின் டெண்டுல்கருக்கும் தியான் சந்துக்கும் இடையிலேயே சுழல்கின்றன. எழுதிய ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தவரின் சாதனைகளை அடுக்கியிருக்கிறார்களே தவிர, எந்த அளவுகோலை வைத்து ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுகிறோம் என்பதை எவரும் சொல்லவில்லை. நூறு சதங்களையும் மூன்று ஒலிம்பிக் தங்கங்களையும் ஒரே தராசில் வைக்க வேண்டுமானால் எடைக்கல் எது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டாமா?

நான் முன்வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்த வீரரின் எதிரே நின்ற உலகம் எவ்வளவு பெரியது, அந்த உலகத்தின் உச்சியில் அவர் எவ்வளவு காலம் நின்றார் என்பதே அது. புகழ், பண்பு, தேசப்பற்று, நம் இளமைக்கால நினைவுகளோடு அவருக்கு உள்ள பிணைப்பு ஆகிய அனைத்தும் மதிக்கத்தக்கவையே. ஆனால் அவற்றைக் கணக்கில் சேர்த்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு விடை கிடைக்கும். விவாதிக்க எதுவும் மிஞ்சாது.

கடலை மிட்டாய்க்கும் ஹாக்கிக்கும் பெயர்போன கோவில்பட்டியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். காலை விடியும் முன்பே மட்டையோடு மைதானத்துக்குக் கிளம்பும் பிள்ளைகள் இன்றும் உள்ள ஊர் இது. ஆகவே என் மனம் இயல்பாக எந்தப் பக்கம் சாயும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். என் அளவுகோலை முதலில் ஹாக்கியின் மீதே வைத்துப் பார்க்கிறேன்.

தியான் சந்தின் ஆற்றலைப் பற்றிக் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சலஸ், 1936 பெர்லின் என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர் அவர். ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஒரு கோல்கூட வாங்காமல் 29 கோல்களை அடித்தது. அவற்றில் 14 அவருடையவை. ஹிட்லர் பதவி தர முன்வந்தார், மட்டைக்குள் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்கள் என்றெல்லாம் வழிவழியாகச் சொல்லப்படும் கதைகள் இல்லாமலேயே அவர் பெரியவர்தான். அந்தக் கதைகளைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவருடைய உண்மையான ஆட்டத்தை மறைக்கிறது என்பது என் எண்ணம். பெர்லினில் ஒலிம்பிக்குக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4-1 என்று தோற்ற அணி, சில வாரங்களில் அதே ஜெர்மனியை இறுதி ஆட்டத்தில் 8-1 என்று வீழ்த்தியதே, அதை எந்தக் கட்டுக்கதையால் மிஞ்ச முடியும்?

ஆனால் அந்த ஆட்டங்களில் எதிரே நின்றவர்கள் யார் என்று கேட்டால் விடை சற்றுச் சங்கடமானது. 1932இல் ஹாக்கிப் போட்டியில் கலந்துகொண்டவை மூன்றே அணிகள்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. அமெரிக்காவை 24-1 என்று வென்றதை நாம் பெருமையோடு சொல்கிறோம்; அந்தக் கணக்கே எதிரணியின் தரத்தையும் சொல்லிவிடுகிறது. ஹாக்கியை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த பிரிட்டன் 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் ஹாக்கி அணியை இறக்கவே இல்லை. இதில் தியான் சந்தின் குற்றம் எதுவுமில்லை. எதிரே யாரை நிறுத்தினாலும் வென்றிருப்பார் என்று நானும் நம்புகிறேன். ஆயினும் நம்பிக்கை வேறு, நடந்தது வேறு.

இந்த இடத்தில் தங்கள் பட்டியலில் இடம்பெறாத ஒருவரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். சுதந்திர இந்தியாவின் ஹாக்கி என்று எடுத்துக்கொண்டால் தியான் சந்துக்கு இணையாக வைக்கப்பட வேண்டியவர் மூத்த பல்பீர் சிங். 1948, 1952, 1956 என்று இவரும் மூன்று தங்கங்கள் வென்றவர். தேசப் பிரிவினையால் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் பாகிஸ்தான் பக்கம் போய்விட்ட நிலையில் கட்டப்பட்ட அணி 1948இல் லண்டனுக்குப் போனது. அதுவரை ஒலிம்பிக்கில் இந்தியாவை எதிர்கொள்ளாத பிரிட்டனை வெம்ப்ளி மைதானத்தில், அவர்கள் மண்ணிலேயே, 4-0 என்று அந்த அணி வென்றது. முதல் இரண்டு கோல்களும் பல்பீர் சிங்கின் மட்டையிலிருந்து வந்தவை. நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறைவதற்குச் சில நாள்களே இருந்த ஆகஸ்ட் மாதம் அது. 1952 ஹெல்சின்கியில் இந்தியா அடித்த 13 கோல்களில் 9 அவருடையவை. அரையிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக மூன்று, இறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக ஐந்து! ஒலிம்பிக் ஆடவர் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் ஒருவர் ஐந்து கோல் அடித்த சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. 1956 மெல்போர்னில் அணித்தலைவராக இருந்தபோது விரல் முறிந்து சில ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்துவிட்டு, அரையிறுதிக்கும் பாகிஸ்தானுக்கு எதிரான இறுதிக்கும் அந்தக் காயத்தோடே களமிறங்கினார். அந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா 1-0 என்று வென்றது. பிறகு 1975இல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அணியின் மேலாளர் அவர்தான். இப்படிப்பட்டவர் அருங்காட்சியகத்துக்காக இந்திய விளையாட்டு ஆணையத்திடம் நம்பி ஒப்படைத்த பதக்கங்களும் ஒலிம்பிக் மேலங்கியும் காணாமல் போய், 2020 மே மாதம் அவர் மறையும் வரை கைக்குத் திரும்பவில்லை என்பதை நினைத்தால், தலைசிறந்தவர் யார் என்று வாதிடும் தகுதி நமக்கு உண்டா என்றே சில நேரம் தோன்றுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், என் அளவுகோலைப் பல்பீர் சிங்குக்கு மட்டும் சலுகையோடு பயன்படுத்த முடியாது. ஹெல்சின்கியில் இந்தியா தங்கம் வெல்ல ஆடியவை மூன்றே ஆட்டங்கள். மொத்தம் 12 அணிகள். அன்றைய உலக ஹாக்கியின் பரப்பு அவ்வளவுதான். தமிழ்நாட்டைச் சேர்ந்த வி. பாஸ்கரன் தலைமையில் 1980இல் மாஸ்கோவில் வென்ற தங்கத்தை எடுத்துக்கொண்டால், பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அங்கே வந்தவை ஆறு அணிகளே. எங்கள் ஊர் மைதானத்தில் இதை உரக்கச் சொன்னால் என்னை உள்ளே விடமாட்டார்கள். ஆனாலும் உண்மை அதுதான்.

இனி டெண்டுல்கர். 200 டெஸ்ட் ஆட்டங்கள், டெஸ்டில் 15,921 ஓட்டங்கள், ஒருநாள் ஆட்டங்களில் 18,426 ஓட்டங்கள், 51 டெஸ்ட் சதங்களும் 49 ஒருநாள் சதங்களும் சேர்ந்து நூறு சர்வதேசச் சதங்கள் என்பவை அனைவருக்கும் மனப்பாடமான எண்கள். 1989 நவம்பரில் கராச்சியில் பதினாறு வயதுச் சிறுவனாகத் தொடங்கி 2013 நவம்பரில் மும்பையில் விடைபெறும் வரை இருபத்து நான்கு ஆண்டுகள் உச்சியிலோ உச்சிக்கு அருகிலோ நின்றவர் என்பதால், காலத்தின் அளவில் அவரை மிஞ்சுவது கடினம். பரப்பின் அளவில்தான் வாதம் தளர்கிறது. அவர் முதல் டெஸ்ட் ஆடியபோது டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தவை ஏழு நாடுகள். தென்னாப்பிரிக்கா அப்போது விலக்கிவைக்கப்பட்டிருந்தது. அவர் ஓய்வுபெற்றபோது பத்து. கோடிக்கணக்கான சிறுவர்கள் கிரிக்கெட் ஆடும் நாட்டுக்குள் முதலிடம் பெறுவதே உலகப் போட்டிக்குச் சமம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல வாதம்தான், நானும் சற்று நேரம் அதை யோசித்தேன். ஆனால் அந்த வாதத்தின்படி தெரிவுக்குழுவின் வாசலைத் தாண்டிய ஒவ்வொரு இந்திய ஆட்டக்காரருமே உலக வீரராகிவிடுவார். களத்தில் பந்து வீசியவர்கள் எத்தனை நாடுகளிலிருந்து வந்தார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இதே காரணத்தால் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் ஆட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட உலகப் பட்டங்கள் வென்ற பங்கஜ் அத்வானியின் பெயரை முதலிடத்துக்கு என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. பட்டங்களை எண்ணிப் பார்ப்பதுதான் முறை என்றால் அவருக்கு அருகில்கூட எவரும் வர முடியாது.

உலகம் முழுவதும் ஓடும், எறியும், தாண்டும் தடகளத்தைப் பார்ப்போம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் மில்கா சிங்குக்கு நான்காம் இடம். 1984 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷாவுக்கும் நான்காம் இடம். நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலம் கைநழுவியது. இந்த இரு நான்காம் இடங்களும் பல தங்கங்களைவிடக் கனமானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் உச்சியில் நிற்பது என்ற பேச்சில் நான்காம் இடத்தைக் கொண்டுவர முடியாது. நீரஜ் சோப்ரா அந்தக் குறையைத் தீர்த்தார். 2021இல் டோக்கியோவில் ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்து தங்கம், 2023இல் புடாபெஸ்டில் உலகச் சாம்பியன் பட்டம், 2024இல் பாரிஸில் வெள்ளி என்று பார்க்கும்போது, என் அளவுகோலின்படி மிக வலுவான போட்டியாளர் அவரே. அவர் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர் என்பதால் பத்தாண்டு கழித்து இதே கேள்வியைத் தாங்கள் கேட்டால் என் விடை மாறக்கூடும்.

தங்கள் பட்டியலில் பெண்களே இல்லாதது வியப்பாக இருந்தது. பேட்மின்டனில் 2016இல் ஒலிம்பிக் வெள்ளி, 2019இல் உலகச் சாம்பியன் பட்டம், டோக்கியோவில் வெண்கலம் என்று வென்ற பி.வி. சிந்து முதல் ஐந்து பேருக்குள் கட்டாயம் இருக்க வேண்டியவர். மேரி கோமின் ஆறு உலகப் பட்டங்களில் ஐந்து, பெண்கள் குத்துச்சண்டை 2012இல் ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடப்பதற்கு முன்பே வென்றவை. அதாவது அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் அவருக்கு ஒலிம்பிக் மேடை தரப்படவே இல்லை.

என் அளவுகோல் தடுமாறும் ஓர் இடமும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. சிறு வயதில் மரத்தில் ஏறியபோது மின்கம்பி தீண்டி இடது கையை இழந்த தேவேந்திர ஜஜாரியா, 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். அவருடைய பிரிவு 2008இலும் 2012இலும் பாராலிம்பிக்கில் இடம்பெறவே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து 2016இல் ரியோவில் மீண்டும் தங்கம் வென்றார், அதுவும் உலகச் சாதனையோடு. டோக்கியோவில் வெள்ளியும் வென்றார். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று உயரம் தாண்டுதலில் தொடர்ந்து மூன்று பதக்கங்கள் பெற்றார். இவர்களுக்கு எதிரே நின்ற உலகம் எண்ணிக்கையில் சிறியது என்று சொல்லி நகர்ந்துவிட என் மனம் ஒப்பவில்லை. இவர்களை வேறு எப்படி அளப்பது என்பதற்குத் தெளிவான விடையும் என்னிடம் இல்லை.

இனி என் வாக்குக்கு உரியவரிடம் வருகிறேன். அவர் மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த்.

இதைச் சொன்னதும் ஊர்ப்பற்று என்று சிலர் நினைப்பார்கள் என்பது தெரியும். ஊர்ப்பற்றுதான் காரணம் என்றால் மேலே பாஸ்கரனை அப்படி ஒதுக்கியிருக்கமாட்டேன். ஆனந்த் எதிர்கொண்ட உலகத்தைப் பாருங்கள். 1948 முதல் 2000 வரை உலகச் செஸ் சாம்பியன்களின் வரிசையில் அமெரிக்காவின் பாபி ஃபிஷர் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் சோவியத் செஸ் பள்ளியில் உருவானவர்கள். அங்கே செஸ் அரசின் கொள்கை. பயிற்சியாளர்கள், ஆய்வாளர்கள், பத்திரிகைகள் என்று ஒரு பெரும் நிறுவனமே அதன் பின்னால் இயங்கியது. இங்கே 1961இல் மானுவல் ஆரோன் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனதோடு சரி. அதற்கும் மேலான, செஸ்ஸின் மிக உயர்ந்த தகுதியான கிராண்ட்மாஸ்டர் என்று ஆனந்துக்கு முன் ஒருவர்கூடக் கிடையாது. 1988இல் கோவையில் நடந்த போட்டியில் அவர் அந்தத் தகுதியைப் பெற்ற பிறகும், அடுத்த இந்தியர் அதை எட்ட மூன்று ஆண்டுகளும் அதற்கடுத்தவர் எட்ட மேலும் ஆறு ஆண்டுகளும் ஆயின. அதாவது உலகத்தின் உச்சிக்குப் போட்டியிட்ட ஆண்டுகளில் அவரோடு சமமாக உட்கார்ந்து பயிற்சி செய்ய உள்நாட்டில் ஆளே இல்லை.

உலகப் பட்டத்துக்கான முதல் முயற்சிகள் தோல்வியில் முடிந்தன. 1995இல் நியூயார்க்கில் அன்றைய சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிராக முதல் எட்டு ஆட்டங்களையும் டிரா செய்து ஒன்பதாவதை வென்றவர், அதன்பின் சரிந்தார். 1998 தொடக்கத்தில் லொசானில் இன்னொரு சாம்பியனான கார்போவை எதிர்கொண்டது தனிக் கதை. கார்போவ் நேரடியாக இறுதிக்கு அமர்த்தப்பட்டிருந்தார். ஆனந்தோ நெதர்லாந்தில் பல சுற்றுகள் கொண்ட நாக் அவுட் போட்டியை வென்று, மூச்சு விடக்கூட நேரமில்லாமல் சுவிட்சர்லாந்துக்கு வந்து சேர்ந்தார். அப்படியும் ஆறு ஆட்டங்களின் முடிவில் 3-3 என்று சமநிலையில் இருந்து, குறைந்த நேரத்தில் ஆடும் ரேபிட் ஆட்டங்களில்தான் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகு பலர் அவரை இரண்டாமிடத்துக்காரர் என்றே முடிவுகட்டினார்கள்.

நடந்தது வேறு. 2000 டிசம்பரில் டெஹ்ரானில் ஷிரோவை 3.5-0.5 என்று வீழ்த்தி நாக் அவுட் முறையில் உலகச் சாம்பியன். 2007இல் மெக்சிகோ நகரில் எட்டு பேர் மோதிய தொடரில் சாம்பியன். 2008இல் பான் நகரில் கிராம்னிக்குக்கு எதிரான நேருக்கு நேர் தொடரில் சாம்பியன். மூன்று வெவ்வேறு முறைகளிலும் உலகப் பட்டம் வென்றவர் வேறு எவருமில்லை. கிராம்னிக்குக்கு எதிரே அதுவரை தாம் அதிகம் ஆடாத ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை நகர்த்தும் தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்து, எதிராளியின் மாதக்கணக்கான தயாரிப்பை முதல் நகர்த்தலிலேயே வீணாக்கிய துணிவை எந்த விளையாட்டின் பயிற்சியாளரும் மெச்சுவார். 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஜெர்மனியிலிருந்து பல்கேரியா வரை சாலை வழியே பயணம் செய்து, மூன்று நாள் அவகாசம் கேட்டு ஒரு நாள் மட்டுமே பெற்று, டோபலோவின் சொந்த நாட்டில் கடைசி ஆட்டத்தைக் கறுப்புக் காய்களோடு வென்றார். 2012இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டை வென்றது ஐந்தாவது பட்டம்.

2013இல் சென்னையிலேயே நார்வேயின் கார்ல்சனிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் பட்டத்தை இழந்ததையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். எல்லோரும் ஓய்வை எதிர்பார்த்த வேளையில், அடுத்த ஆண்டே நாற்பத்து நான்கு வயதில், சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் தொடரில் ஒரு தோல்வியும் இன்றி முதலிடம் பெற்று மீண்டும் கார்ல்சன் முன் உட்கார்ந்தார், மீண்டும் தோற்றார். 2017 இறுதியில் ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அந்தப் போட்டியில் கார்ல்சனையும் தோற்கடித்தார். 1986இல் தொடங்கி 2023இல் குகேஷ் தாண்டும் வரை முப்பத்தேழு ஆண்டுகள் இந்தியத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர் என்பதைச் சொல்லிவிட்டால், காலத்தின் அளவில் டெண்டுல்கருக்கு இருந்த மேன்மையும் சமமாகிவிடுகிறது.

ஆனந்தை ஆதரிப்போர் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்றை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அவரைப் பார்த்து ஒரு தலைமுறை உருவானது, நாட்டில் எண்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் வந்துவிட்டார்கள், 2024இல் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார் என்பவை எல்லாம் உண்மையே. ஆனால் பின்வந்தவர்களின் வெற்றியை முன்சென்றவரின் கணக்கில் எழுதுவது முறையாகாது. 1952இல் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்று சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்த கே.டி. ஜாதவுக்குப் பிறகு, 1996இல் லியாண்டர் பயஸ் வரும் வரை நாற்பத்து நான்கு ஆண்டுகள் இன்னொரு தனிநபர் பதக்கம் வரவில்லை. அதற்காக ஜாதவின் பெருமை குறைந்துவிடுமா?

செஸ் விளையாட்டே அல்ல என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளை ஓடவும் குனியவும் வைத்தவன் என்ற முறையில் இதற்கு மறுமொழி சொல்ல எனக்கு உரிமை உண்டு என நினைக்கிறேன். உடல் எவ்வளவு அசைகிறது என்பதுதான் இலக்கணம் என்றால், 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வென்ற தங்கத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். துப்பாக்கிச் சுடுதலில் அசையாமல் நிற்பவரே வெல்கிறார். 1984இல் தொடங்கிய கார்போவ்-காஸ்பரோவ் தொடர் ஐந்து மாதங்களில் 48 ஆட்டங்கள் நடந்தும் முடிவு காணாமல், ஆட்டக்காரர்களின் களைப்பைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். சர்வதேச ஒலிம்பிக் குழு 1999இலேயே உலகச் செஸ் கூட்டமைப்பை அங்கீகரித்துவிட்டது. அதற்கும் முன்பே, இன்று தியான் சந்த் பெயரைத் தாங்கி நிற்கும் கேல் ரத்னா விருது நிறுவப்பட்டபோது, நம் அரசு அதை முதன்முதலில் வழங்கியது ஆனந்துக்குத்தான்.

வாக்கெடுப்பை நீட்டிக்கும் எண்ணம் இருந்தால் பல்பீர் சிங், சிந்து, ஜஜாரியா ஆகியோரின் பெயர்களையும் பட்டியலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் அருகில் பட்டங்களின் எண்ணிக்கையோடு, அந்தப் போட்டியில் எத்தனை நாடுகள் கலந்துகொண்டன என்ற விவரத்தையும் அச்சிட்டால் வாசகர்கள் தாங்களே ஒப்பிட்டுக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோவில்பட்டி.